போர்டு இல்லாமல் தனிச் சிப்: ஏடிமெகா328பியை இயக்கத் தொடங்குவது எப்படி

ஆர்டுயினோ போர்டில் எல்இடி சிமிட்டிப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்: இவ்வளவு பெரிய போர்டு எதற்கு, நடுவில் இருக்கும் அந்தக் கருப்புச் சிப் மட்டும் போதாதா? போதும். அதைச் சுற்றி நாலைந்து சின்னப் பொருள்களை வைத்தால் அது தானாகவே ஓடும். போர்டு நமக்காகச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த மூன்று வேலைகளை இனி நாமே செய்ய வேண்டும். சீரான மின்சாரம் கொடுப்பது, ரீசெட் காலைக் கவனிப்பது, கடிகாரத்தை, அதாவது சிப் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் துடிப்பைத் தீர்மானிப்பது. புதியவர்கள் தடுக்கி விழுவதெல்லாம் இந்த மூன்றில்தான். புரோகிராமில் தவறு இருப்பது அதற்கு அப்புறம்தான்.

அதனால் ஒரு பழக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிப்புக்குள் எதையும் எழுதும் முன், அதனிடம் அதன் பெயரைக் கேளுங்கள். ஒவ்வொரு சிப்புக்குள்ளும் மூன்று பைட் அடையாள எண் ஒன்று தொழிற்சாலையிலேயே பதிந்திருக்கும். அதை வாசிக்க முடிந்தால் மின்சாரம், ரீசெட், கடிகாரம், ஒயர்கள் எல்லாம் அடிப்படையில் சரியாக இருக்கின்றன என்று பொருள். வாசிக்க முடியாவிட்டால், நூறு முறை புரோகிராமை மாற்றினாலும் பயன் இல்லை.

எடுத்து வைக்க வேண்டியவை

சிப்: ஏடிமெகா328பி, 28 கால் உள்ள டிப் வடிவம். பிரெட்போர்டில் நேராகச் செருகலாம். புரோகிராமுக்கு 32 கிலோபைட் ஃபிளாஷ், மாறிகளுக்கு 2 கிலோபைட் ராம், மின்சாரம் போனாலும் மறக்காத 1 கிலோபைட் ஈப்ராம் இதற்குள் உண்டு. 1.8 முதல் 5.5 வோல்ட் வரை வேலை செய்யும். கற்றுக்கொள்ள இதைவிடப் பொறுமையான சிப் எனக்குத் தெரிந்து இல்லை. சின்னத் தவறுகளை நிறையவே தாங்கும்.

வாங்கும்போது கடைசியில் ‘பி’ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘பி’ இல்லாத 328 வேறு அடையாள எண் கொண்டது. அதோடு, சில இடங்களில் பூட்லோடர் (கணினியிலிருந்து நேராகப் புரோகிராமை வாங்கிக்கொள்ள உதவும் சின்ன மென்பொருள்) ஏற்கெனவே ஏற்றிய சிப் விற்பார்கள். அது பெரும்பாலும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை (வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பைக் கொடுக்கும் பொருள்) எதிர்பார்க்கும்படி அமைத்திருக்கும். கிரிஸ்டல் இல்லாமல் வாயே திறக்காது. இந்தக் கட்டுரையின்படி செய்ய வெறும் சிப்பே நல்லது.

மற்றவை: பிரெட்போர்டு, ஜம்பர் ஒயர்கள், 104 என்று அச்சிட்ட 100 நானோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் இரண்டு, 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு), 330 ஓம் ரெசிஸ்டர் (ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு), ஒரு எல்இடி, ஒரு பட்டன், மல்டிமீட்டர். புரோகிராமராக (சிப்புக்குள் புரோகிராமை எழுதும் கருவியாக) உங்கள் பழைய ஆர்டுயினோ ஊனோவே போதும்.

கால்களை எண்ணுதல்

சிப்பின் ஒரு முனையில் அரைவட்டப் பள்ளம் இருக்கும். பள்ளத்தை மேலே வைத்துப் பிடித்தால், இடது வரிசையின் மேல் முனை 1ஆம் கால். இடப்பக்கம் கீழே இறங்கி 14 வரை எண்ணி, வலப்பக்கக் கீழ் முனையில் 15 என்று தொடங்கி மேலே ஏறி 28இல் முடிக்க வேண்டும்.

புதுச் சிப்பின் கால்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். அப்படியே அழுத்தினால் ஒன்றிரண்டு கால்கள் உடம்புக்கு அடியில் மடங்கிப்போகும். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. மேசைமேல் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒரு வரிசையை மொத்தமாக மெல்ல அழுத்தி நேராக்குங்கள். இன்னொரு பக்கமும் அப்படியே. பிறகு பிரெட்போர்டின் நடுப்பள்ளம் இரு வரிசைகளுக்கும் இடையே வரும்படி செருகுங்கள்.

தலைகீழாகச் செருகினால் என்ன ஆகும்? இந்தச் சிப்பில் கிரவுண்ட் கால்கள் 8, 22. தலைகீழாகத் திருப்பினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். கிரவுண்ட் கிரவுண்டிலேயே விழும். ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 21ஆம் காலும் 6ஆம் காலும் வந்து நிற்கும். 6ஆம் காலின் உள்ளே உள்ள பாதுகாப்பு டையோடு வழியாகக் கொஞ்சம் மின்சாரம் உள்ளே போய், சிப் பாதி உயிரோடு இருப்பதுபோலக் காட்டும். கை வைத்தால் சூடாக இருக்கிறதா? உடனே மின்சாரத்தை எடுத்துவிட்டுப் பள்ளம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

மின்சாரம்

7ஆம் காலும் 20ஆம் காலும் 5 வோல்ட்டுக்கு. 8ஆம் காலும் 22ஆம் காலும் கிரவுண்டுக்கு. 20ஆவது அனலாக் பகுதிக்கானதுதானே, நான் அனலாக் பயன்படுத்தவில்லையே என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. சி போர்ட்டின் (போர்ட் என்பது கால்களின் ஒரு குழு) சில கால்களுக்கும் அங்கிருந்துதான் மின்சாரம் போகிறது. 21ஆம் கால் அனலாக் அளவீட்டுக்கான ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பிட்டு அளப்பதற்கான வோல்டேஜ். இப்போதைக்கு அதை எதிலும் இணைக்காமல் விடுங்கள். முக்கியமாக அதை 5 வோல்ட்டில் கட்டிவிடாதீர்கள். பின்னால் புரோகிராமில் உள் ரெஃபரன்ஸைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

அடுத்தது 104 கெபாசிட்டர்கள். ஒன்று 7க்கும் 8க்கும் நடுவே, இன்னொன்று 20க்கும் 22க்கும் நடுவே. சிப்புக்குள் ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே நொடிப்பொழுதில் நிலை மாறும்போது சின்னச் சின்ன மின்னோட்டத் துடிப்புகளை இழுக்கும். நீளமான ஒயர் வழியாக அது வந்து சேர்வதற்குள் கால் அருகே வோல்டேஜ் சற்று விழுந்துவிடும். பக்கத்திலேயே உள்ள கெபாசிட்டர் அந்த நேரத்துக்குக் கைமாற்றாகக் கொடுத்து உதவுகிறது. தள்ளி வைத்தால் கைமாற்று நேரத்துக்கு வந்து சேராது. கெபாசிட்டரின் கால்களை வெட்டிச் சிறிதாக்கி, சிப்பை ஒட்டினாற்போல் செருகுங்கள். இது இல்லாமலும் எல்இடி சிமிட்டும் என்பதுதான் ஆபத்து. பின்னால் ஒரு மோட்டாரோ ரிலேயோ சேர்க்கும் நாளில் காரணமே தெரியாமல் சிப் தானாக ரீசெட் ஆகிக்கொண்டிருக்கும்.

மின்சாரம் கொடுத்ததும் மல்டிமீட்டரை எடுங்கள். பிரெட்போர்டின் ஓட்டையில் அளக்காதீர்கள்; சிப்பின் காலிலேயே முனையை வைத்து அளக்க வேண்டும். 7க்கும் 8க்கும் இடையே 5 வோல்ட் அருகில் வர வேண்டும். 20க்கும் 22க்கும் இடையே அதே அளவு. சில பிரெட்போர்டுகளில் ஓரத்தில் ஓடும் சிவப்பு, நீலக் கோட்டு வரிசைகள் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். மேல் பாதியில் மின்சாரம் இருக்கும், கீழ் பாதியில் இருக்காது. காலில் அளந்தால் மட்டுமே இது பிடிபடும்.

ரீசெட்

1ஆம் கால்தான் ரீசெட். அது கிரவுண்டில் இருக்கும்வரை சிப் உறங்கும். 5 வோல்ட்டுக்கு வந்ததும் முதலிலிருந்து ஓடும். 1ஆம் காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். உள்ளேயே ஒரு புல்அப் ரெசிஸ்டர் (காலை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிப்பது) உண்டு, ஆனாலும் அது பலவீனமானது. பக்கத்து ஒயரின் இரைச்சல் ரீசெட்டைத் தட்டிவிடாமல் இருக்க வெளியே ஒன்று இருப்பது நல்லது.

நேராக ஒயரால் 5 வோல்ட்டில் கட்டிவிட வேண்டாம். புரோகிராமர் இந்தக் காலைக் கீழே இழுத்துத்தான் சிப்போடு பேசும். நேரடியாகக் கட்டினால் இழுப்பவருக்கும் பிடித்திருப்பவருக்கும் இடையே ஷார்ட்.

ஊனோவைப் புரோகிராமராக மாற்றுதல்

ஆர்டுயினோ மென்பொருளின் எடுத்துக்காட்டுகளில் ‘ஆர்டுயினோ ஐஎஸ்பி’ என்று ஒரு ஸ்கெட்ச் (ஆர்டுயினோவில் புரோகிராமுக்கு இந்தப் பெயர்) இருக்கும். அதை ஊனோவில் சாதாரணமாக ஏற்றுங்கள். ஏற்றி முடித்த பிறகே, முடித்த பிறகு மட்டுமே, ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைச் செருகுங்கள். மைனஸ் கோடு போட்ட கால் கிரவுண்டில். கணினி தொடர்பு கொள்ளும்போதெல்லாம் ஊனோ தானாக ரீசெட் ஆகும் வழக்கத்தை அது தடுக்கிறது. வரிசை மாறினால் ஸ்கெட்ச் ஊனோவிலேயே ஏறாது.

இனி ஒயர்கள். ஊனோவின் 10லிருந்து சிப்பின் 1ஆம் காலுக்கு. 11லிருந்து 17க்கு. 12லிருந்து 18க்கு. 13லிருந்து 19க்கு. ஊனோவின் 5 வோல்ட்டும் கிரவுண்டும் பிரெட்போர்டின் வரிசைகளுக்கு. வேறு எந்த மின்சாரமும் அப்போது பிரெட்போர்டில் இருக்கக் கூடாது. 17, 18, 19 மூன்றும் அடுத்தடுத்து இருப்பதால் ஒயர் ஒரு ஓட்டை தள்ளிப்போவது மிகச் சகஜம். மூன்றுக்கும் மூன்று நிறம் வைத்துக்கொண்டால் கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

பெயரைக் கேட்டல்

ஏவிஆர்டியூட் என்பது சிப்போடு பேசும் சின்ன மென்பொருள். ஆர்டுயினோவை நிறுவும்போதே கூட வந்துவிடும். அதைக் கமாண்ட் லைனில் இயக்கி நான்கு தகவல் சொல்ல வேண்டும்: புரோகிராமர் வகை எஸ்டிகே500வி1, சிப் ஏடிமெகா328பி, ஊனோ கணினியின் எந்தப் போர்ட்டில் இருக்கிறது, வேகம் 19200. எழுதுவதற்கான கட்டளை எதையும் சேர்க்காதீர்கள். இந்த நான்கை மட்டும் கொடுத்தால் அது அடையாள எண்ணை வாசித்துக் காட்டிவிட்டு விடைபெறும்.

1இ 95 0எஃப் என்று வந்தால் எழுந்து நின்று கைதட்டலாம். உங்கள் கையால் கட்டிய சர்க்யூட்டில் சிப் பேசிவிட்டது.

1இ 95 14 என்று வந்தால் அது ‘பி’ இல்லாத 328. சிப்பில் கோளாறு எதுவும் இல்லை. மென்பொருளில் சிப்பின் பெயரை மாற்றினால் போதும். எல்லாம் பூஜ்யமாகவோ எல்லாம் எஃப் ஆகவோ வந்தால் சிப்பிடமிருந்து பதிலே வரவில்லை என்று அர்த்தம். 17, 18, 19 ஒயர்களை முதலில் பாருங்கள், பிறகு 1ஆம் கால், பிறகு மீண்டும் கால்களில் வோல்டேஜ். ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் எண் வெவ்வேறாக வந்தால் எங்கோ ஒரு ஒயர் தளர்வாக இருக்கிறது, அல்லது கிரவுண்ட் சரியாக இல்லை. ஊனோவோடு தொடர்பே கிடைக்கவில்லை என்று மென்பொருள் முறையிட்டால் பிரச்சினை சிப்பில் இல்லை; போர்ட் தேர்வோ 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரோ காரணமாக இருக்கும்.

மேலே சொன்ன வரிசையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி வாசியுங்கள். நாலு ஒயரையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டால் வேலை செய்யலாம், ஆனால் எது தவறு என்று கடைசிவரை தெரியாது.

முதல் புரோகிராம்

ஆர்டுயினோ மென்பொருளின் போர்டு மேனேஜரில் ‘மினிகோர்’ என்ற தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி ஏடிமெகா சிப்புகளுக்காகவே உருவானது. அதில் ஏடிமெகா328 தேர்ந்தெடுத்து, வகை 328பி, கடிகாரம் ‘இன்டர்னல் 1 மெகாஹெர்ட்ஸ்’ என்று வையுங்கள். தொழிற்சாலையிலிருந்து சிப் இந்த வேகத்தில்தான் வருகிறது. உள்ளே 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் ஒன்று ஓடுகிறது; அதை எட்டால் வகுத்து 1 ஆக்கிக் கொடுக்கிறார்கள். எந்த ஃபியூஸையும் (சிப்பின் அமைப்பைத் தீர்மானிக்கும் பைட், பின்னால் வருகிறது) தொடாமல் முதல் புரோகிராமை ஓட்டிவிடலாம்.

எல்இடியை 14ஆம் காலில் வையுங்கள். 14லிருந்து 330 ஓம், பிறகு எல்இடியின் நீளக்கால், குட்டைக்கால் கிரவுண்டில். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 330ஆல் வகுத்தால் 9 மில்லியாம்பியர். ஒரு காலின் உச்ச வரம்பு 40, சிப் மொத்தத்துக்கும் 200. வரம்பு அது, வேலை செய்யும் அளவை 20க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஒரே காலுக்கு மூன்று பெயர். சிப்பின் உடம்பில் எண்ணினால் 14. ஆர்டுயினோ மொழியில் டிஜிட்டல் 8. டேட்டாஷீட்டில் பி போர்ட்டின் பூஜ்யமாவது பிட். புரோகிராமில் 14 என்று எழுதிவிட்டு எல்இடி எரியவில்லையே என்று தவித்தவர்கள் ஏராளம். ஆர்டுயினோ மொழியில் 14 என்பது 23ஆம் கால். கால்களின் படத்தை அச்சடித்து மேசையில் ஒட்டி, மூன்று பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

புரோகிராம் வழக்கமான சிமிட்டல்தான்: டிஜிட்டல் 8ஐ அவுட்புட் ஆக்கி, ஒரு விநாடி எரியவிட்டு, ஒரு விநாடி அணையுங்கள். ஏற்றும்போது சாதாரண அப்லோட் பட்டனைத் தொடாதீர்கள். மெனுவில் புரோகிராமரை ‘ஆர்டுயினோ ஆஸ் ஐஎஸ்பி’ என்று வைத்து, ‘அப்லோட் யூசிங் புரோகிராமர்’ கொடுக்க வேண்டும். சாதாரண அப்லோட் கொடுத்தால் மென்பொருள் சிப்புக்குள் இல்லாத பூட்லோடரைத் தேடிக்கொண்டிருக்கும்.

எரிகிறதா? இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். ஒரு விநாடி என்று எழுதியது ஒரு விநாடியாக இருக்க வேண்டும். எட்டு விநாடி எரிந்தால், மெனுவில் 8 மெகாஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், சிப்போ 1இல் ஓடுகிறது. பதினாறு என்றால் மெனுவில் 16. காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடுவது மெனுவில் சொன்ன வேகத்தை வைத்துத்தான். மெனுவில் மாற்றுவதால் மட்டும் சிப்பின் உண்மையான வேகம் மாறாது. ஒரு எல்இடியையும் கைக்கடிகாரத்தையும் வைத்தே இவ்வளவு கண்டுபிடிக்கலாம் என்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

கடிகாரமும் ஃபியூஸும்

இங்கே ஃபியூஸ் என்றால் எரிந்துபோகும் கம்பி கிடையாது. சிப் எப்படி எழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும், புரோகிராமுக்கு வெளியே இருக்கும் மூன்று பைட்டுகள். லோ ஃபியூஸ் தொழிற்சாலையில் ஹெக்ஸ் 62. அதை இ2 ஆக்கினால் எட்டால் வகுப்பது நின்று, 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். மினிகோரில் கடிகாரத்தை ‘இன்டர்னல் 8’ ஆக்கிவிட்டு ‘பர்ன் பூட்லோடர்’ கொடுத்தால் ஃபியூஸும் மாறிவிடும். பூட்லோடர் வேண்டாமென்றால் பக்கத்து மெனுவில் ‘நோ பூட்லோடர்’ என்று வைத்துவிட்டுக் கொடுக்கலாம்.

ஃபியூஸ் பிட்டுகளில் ஒரு தலைகீழ் வழக்கம் உண்டு. பூஜ்யம் என்றால் ‘போடப்பட்டது’, ஒன்று என்றால் ‘போடப்படாதது’. இதை மறந்து கையால் கணக்குப் போட்டால் நினைத்ததற்கு நேர் எதிரானது நடக்கும். நான் அப்படி ஒரு முறை வெளிக் கடிகாரத்தை எதிர்பார்க்கும்படி அமைத்துவிட்டேன். சிப் அடுத்த நொடியே பேசுவதை நிறுத்திவிட்டது. செத்துவிட்டது என்று ஓரமாக வைத்தேன். சில வாரங்கள் கழித்துத்தான் புரிந்தது: சிப் சாகவில்லை, துடிப்புக்காகக் காத்திருக்கிறது. இன்னொரு 16 மெகாஹெர்ட்ஸ் போர்டின் டைமரில் 8 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை உருவாக்கி, அதை 9ஆம் காலில் கொடுத்து, இரண்டு கிரவுண்டையும் சேர்த்ததும் அடையாள எண் திரும்ப வந்தது. ஃபியூஸைச் சரிசெய்து, இன்றும் அந்தச் சிப்பையே பயன்படுத்துகிறேன். பேசாத சிப்பைத் தூக்கி எறியும் முன் இதைச் செய்து பாருங்கள்.

காப்பாற்ற முடியாத ஃபியூஸ் என்று புதியவர்கள் அஞ்ச வேண்டியது ஒன்று: ரீசெட் காலைச் சாதாரணக் காலாக மாற்றும் பிட். அதைப் போட்டுவிட்டால் நம் ஊனோ புரோகிராமரால் உள்ளே போகவே முடியாது. 12 வோல்ட் கொடுக்கும் தனிக் கருவி வேண்டும். ஒரு கால் மிச்சம் கிடைக்கிறதே என்று அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கிரிஸ்டல் எப்போது தேவை? உள் ஆஸிலேட்டர் தொழிற்சாலை அளவீட்டில் 10 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். எல்இடி, பட்டன், சென்சாருக்கு அது தாராளம். சீரியல் தொடர்பில் எழுத்துகள் குழம்பி வந்தாலோ, நாள் முழுக்க நேரம் காட்ட வேண்டியிருந்தாலோ 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 9, 10ஆம் கால்களில் வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிகோஃபாரட் போடுங்கள். கிரிஸ்டலை முதலில் செருகுங்கள், அப்புறம் ஃபியூஸ்.

பட்டன்

பட்டனின் ஒரு பக்கத்தை 15ஆம் காலில் (டிஜிட்டல் 9), மறுபக்கத்தைக் கிரவுண்டில். முதலில் வேண்டுமென்றே காலை வெறும் இன்புட் ஆக வைத்து, பட்டனுக்கு ஏற்ப எல்இடி எரியும்படி எழுதிப் பாருங்கள். ஒயருக்கு அருகே விரலைக் கொண்டுபோனாலே எல்இடி தன் இஷ்டத்துக்கு மினுங்கலாம். எதிலும் கட்டப்படாத கால் காற்றில் வரும் மின் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும். இப்போது ‘இன்புட் புல்அப்’ என்று மாற்றுங்கள். உள்ளே 20 முதல் 50 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று காலை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும், ஆட்டம் நின்றுவிடும். பட்டனை அழுத்தினால் பூஜ்யம், விட்டால் ஒன்று என்று தலைகீழாக வாசிக்கப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு முறை அழுத்தியதை மூன்று முறையாக எண்ணுகிறதா? பட்டனின் உலோகத் தகடுகள் சேரும்போது சில மில்லிவிநாடி துள்ளும். நிலை மாறியதும் 20 மில்லிவிநாடி பொறுத்து மறுபடி வாசித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஊனோவைக் கழற்றுதல்

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஊனோவிலிருந்து 1, 17, 18, 19க்கு வரும் ஒயர்களையும் அதன் 5 வோல்ட், கிரவுண்ட் ஒயர்களையும் எடுத்துவிடுங்கள். ரீசெட்டின் 10 கிலோ ஓம் அப்படியே இருக்கட்டும். ஏஏ பேட்டரி மூன்றைத் தொடராகச் சேர்த்தால் 4.5 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸுக்கு நிம்மதியாகப் போதும். வேகத்துக்கும் வோல்டேஜுக்கும் தொடர்பு உண்டு: 10 மெகாஹெர்ட்ஸ் வரை 2.7 வோல்ட் போதும், 20க்கு 4.5 வேண்டும். 9 வோல்ட் பேட்டரியை நேராக வைத்துவிடாதீர்கள். 6 வோல்ட்டைத் தாண்டினால் சிப்புக்கு உத்தரவாதமில்லை. பிளஸ், மைனஸை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே இணையுங்கள். பேட்டரியை இணைத்ததும் கடைசியாக ஏற்றிய புரோகிராமின்படி 14ஆம் காலில் எல்இடி முன்புபோலவே எரிய வேண்டும். எரியவில்லை என்றால் ஊனோவை மறுபடி கட்டி, அடையாள எண்ணை வாசிப்பதிலிருந்து தொடங்குங்கள்.